பொய்க்குக் கட்டிய வேப்பிலை

வாசல் நிலையில் செருகியிருந்த வேப்பிலைக் கொத்தைப் பார்த்ததும், ரொட்டிப் பொட்டலத்துடன் வந்த பக்கத்து வீட்டு அம்மாள் படியிலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். உள்ளே படுத்திருந்த என் மகளுக்கு அம்மை இல்லை. பன்றிக் காய்ச்சல் பரவிய ஆண்டு அது; அவளுக்கும் அதுதான். அவளுக்கு நான்கு வயது; பிறந்ததிலிருந்தே இளைப்பு உண்டு. இன்னொரு தொற்று சேர்ந்தால் தாங்கமாட்டாள், இவளிடமிருந்தும் பிறருக்குப் பரவும், யாரையும் உள்ளே விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் காஞ்சிபுரத்துத் தெருவில் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் தறியை விட்டு எழுந்து வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தால்தான் உறவு. வராதே என்றால் பேச்சே நின்றுபோகும்.

வேப்பிலையைக் கட்டியவர் என் பெரிய நாத்தனார். "ஃப்ளூன்னா ரொட்டிய தூக்கிக்கினு வருவாங்கம்மா. அம்மைன்னா எட்டியே நின்னுடுவாங்க. கொழந்தைக்காகத்தான செய்றோம், ஆத்தா கோச்சிக்க மாட்டா" என்றார். தன் வீட்டுக்குப் போகாமல் எங்களோடு தங்கி, குழந்தையை மடியில் நிமிர்த்தி வைத்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மகள் தேறினாள். குழந்தைக்கு எப்போது தண்ணீர் ஊற்றப் போகிறீர்கள் என்று கேட்டு வாசலில் கூட்டம் கூடியபோது நாத்தனாரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அம்மையாவது ஒண்ணாவது. உங்கள தடுக்கத்தான்டி கட்டினேன்."

"அடிப்பாவி அக்கா, உன்ன நம்பி என் வீட்ல தாளிக்காமயே சாப்டுக்கினு இருக்கறேன்" என்றார் பக்கத்து வீட்டு அம்மாள். தெருவே சிரித்தது.

சில நாளில் நாத்தனாருக்கே காய்ச்சல் கண்டது. தன் வீட்டு வாசலிலும் வேப்பிலை கட்டினார். இந்த முறை யாரும் நம்பவில்லை. "இந்த டிராமால்லாம் எங்ககிட்ட வேணாங்கா" என்று சொல்லிக்கொண்டே ரொட்டியோடு உள்ளே போய்க் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மூச்சு வாங்கியபடி அவர் கையை ஆட்டி விரட்டியதையும் விளையாட்டென்றே எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. பார்க்கப் போன பலர் படுத்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் எழுந்துவிட்டார். அவருடைய மாமனார் எழவில்லை.

பொய் சொன்னதற்கு ஆத்தாவின் கோபம் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அந்தக் காரணம் போதவில்லை. அன்றிலிருந்து கிடைப்பதையெல்லாம் படிக்கிறேன். முதல் உலகப் போர் முடியும் சமயத்தில் இந்த வகைக் காய்ச்சல் கப்பலில் வந்து இறங்கி, ரயிலேறி நாடெங்கும் போயிருக்கிறது. பிறகும் மாறி மாறி வந்திருக்கிறது. நீர்ப்பறவைகளின் குடலில் சாதுவாகக் கிடக்கும் கிருமி சில சமயம் பன்றியின் உடம்புக்குள் மனிதக் கிருமியோடு கலந்து, நம் உடம்பு அதுவரை பார்த்திராத ஒன்றாக வெளியே வருமாம். அடையாளம் தெரியாததால் உடம்பால் தடுக்க முடிவதில்லை. படித்துப் படித்து அலுத்துவிட்டது. கிருமி எப்படிப் பிறந்தது என்பதற்கு எல்லாவற்றிலும் பதில் இருக்கிறது. எங்கள் தெருவுக்குள் அதை ஒவ்வொரு வீடாக அழைத்துப் போனது பாசம். அதை எந்தக் காரணத்தோடு சேர்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் மகளுக்கு மறுபடி ஃப்ளூ. இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு அறை வாசலிலேயே நின்றிருந்தேன். யாராவது வந்தால் என்ன சொல்லி அனுப்புவதென்று புரியவில்லை.

"ஏம்மா டென்ஷன் ஆகுற? நம்ம தெரு குரூப்ல போட்டுட்டேன்" என்று போனை நீட்டினாள்.

'எனக்கு ஃப்ளூ. சரியாகிற வரைக்கும் யாரும் வராதீங்க.' அவ்வளவுதான். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் கண்ணயர்ந்த பிறகும் நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.