மருந்தடிச்ச கையால வளர்த்த புல்லு

ஊரே புல்லைக் கண்டா வெட்டும். அதுக்குத் தண்ணி ஊத்தி, "நல்லா இருக்கியா கண்ணு"ன்னு விசாரிச்சு வளர்க்கிறதுக்குச் சம்பளம் வாங்குறவ நான். உங்கள்ல யாருக்காவது வேண்டாத ஒண்ணை வளர்க்கிற வேலை வாய்ச்சிருந்தா, கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. நம்ம கஷ்டம் நமக்குத்தான் புரியும்.

முட்டி போன கதை

பிரிஞ்சாங் டவுனுக்கு மேல மலையில ஒரு தேயிலைத் தோட்டத்துல இருபத்திரண்டு வருஷம் மருந்து கேங்குல இருந்தேன். முதுகுல பம்பைக் கட்டிக்கிட்டு, தேயிலைக்கு நடுவுல முளைக்கிற லாலாங் புல்லுக்கு மருந்தடிச்சுக் கொல்றதுதான் வேலை. ஒரு நாள் முட்டி மடங்க மாட்டேன்னுடுச்சு. இனிமே மலை ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். சின்ன துரைகிட்ட போய் நின்னேன். சின்ன துரைன்னா உதவி மேனேஜர். நம்ம ஈப்போ பையன்தான், ஆனா தோட்டத்துக்கு வந்துட்டா துரை துரைதான்.

அவர் போனை நீட்டினார். ஆள் உயரத்துக்குப் புல்லு, அதுக்கும் மேல வெள்ளை வெள்ளையா பூ. "இதுக்குப் பேரு பம்பாஸ். நம்ம தோட்டத்து டீக்கடைக்கு முன்னால இது நின்னா படம் எடுக்கவே டூரிஸ்ட் வருவாங்க. வளர்ப்பியா?"ன்னார். சத்தியமா சொல்றேன், படத்தைப் பார்த்ததும் என் கை தானா பம்புக் குழாயைத் தேடுச்சு. ஆனாலும் வளர்க்கிறேன்னுட்டேன். வேலை போனா தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போயிடும். மகள் அப்போ ஃபாம் ஃபோர், பத்தாம் வகுப்பு. அடுத்த வருஷம் அவ எஸ்.பி.எம். பரீட்சை எழுதி முடிக்கிற வரைக்குமாவது அந்தக் கூரை எங்க தலைக்கு மேல இருக்கணும். துரை கறாரா ஒண்ணு சொன்னார்: "வருஷக் கடைசி லீவுக்குப் பூக்கணும். இல்லேன்னா மறுபடியும் மேல் மலைதான், லெட்சுமி."

என் ஆளுங்களே!

திரிங்காப் ஊர்ல ஒரு பூத்தோட்டத்திலிருந்து வேரோட முப்பது தூர் வந்து இறங்குச்சு. கல்லைப் பொறுக்கி, தண்ணி தேங்காம இருக்க வாய்க்கால் வெட்டி, ஒவ்வொண்ணா நட்டேன். மூணாவது வாரம் ஒரு நாள் மகள் பள்ளிக்கூடத்துல கூட்டம்னு லீவு போட்டேன். மறுநாள் வந்து பார்த்தா பத்தொன்பது தூர் மஞ்சளாகித் தலை தொங்கிக் கிடக்குது. கிட்டப் போய் மோந்து பார்த்தேன். அந்த வாடை எனக்குத் தெரியாதா?

நேரா சரோஜாகிட்ட போனேன். எனக்கப்புறம் கேங்குக்குத் தலைவி அவதான். மருந்து கலக்குற அளவை அவளுக்குக் கத்துக் கொடுத்ததே நான். பாவி, ஒரு சொட்டு கூடக் குறைக்காம அப்படியே கலந்திருக்கா! பத்தொன்பதுல ஒண்ணு கூடப் பிழைக்கல. ரோட்டோரம் உக்காந்து அழுதேன், அவளைக் கண்டபடி திட்டினேன். அவளுக்கும் கண்ணு கலங்கிடுச்சு, ஆனா நியாயத்தை விடல. "கயித்தைக் கட்டி வைக்காத புல்லு எங்களுக்குப் புல்லுதான்க்கா! நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே லா?"

நல்ல சாப்பாடு போட்டேன்

மிச்சம் பதினொண்ணு. சுத்திலும் கம்பு நட்டு, சிவப்புக் கயிறு கட்டினேன். தேயிலைக்குப் போடுற உரத்தையே மாசம் தவறாம அள்ளிப் போட்டேன். பிள்ளைங்க சும்மா திமுதிமுன்னு வளர்ந்துச்சு! நவம்பர்ல என் தோளுக்கு வந்துடுச்சு. பச்சைன்னா அப்படி ஒரு பச்சை. பூ மட்டும் ஒண்ணு கூட இல்ல. டிசம்பர் லீவு வந்துச்சு, காரெல்லாம் வந்துச்சு, பூ வரல.

அந்த ஒரு வாரம் சோறு இறங்கல. மலைக்குப் போகச் சொன்னா முட்டி தாங்காது, முடியாதுன்னா வீடு போயிடும். துரை முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு, இன்னும் ஒரே ஒரு வருஷம்னார். தூர் கொடுத்த பூத்தோட்ட முதலாளி, அந்தத் தவுக்கேயையே கூட்டிட்டு வந்து காட்டினேன். சீனர்தான், ஆனா நம்ம ஆளுங்களோட பழகிப் பழகித் தமிழ் நல்லாவே வரும். உர மூட்டையைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இலை வேணும்னுதானே தேயிலைக்கு அந்த உரம், பூவுக்கு எதுக்குன்னு கேட்டார். எனக்கு அப்போதான் உறைச்சுது. போகும்போது கார் கண்ணாடியை இறக்கிட்டு இன்னொண்ணும் கேட்டார்: "நீ என்ன, இதையும் அரைச்சு டீத்தூள் பண்ணப் போறியா?"

துரை ஊர்ல இல்லாத நாள்

உரத்தை நிறுத்தினேன். அடுத்து, அடியில காஞ்ச இலை அடைஞ்சு போய்ப் புதுக் குருத்து மேல வர வழி இல்லாம கிடந்துச்சு. தேயிலை இப்படி ஆனா நாங்க என்ன செய்வோம்? கவாத்து. செடியை ஒட்ட வெட்டி, மொட்டைக் குச்சியா நிறுத்திடுவோம். பார்க்கிறவங்க செத்துப்போச்சும்பாங்க, அதுவே ரெண்டு மாசத்துல சிரிக்கும். தேயிலைக்கு ஆகிறது இதுக்கு ஆகாதான்னு ஒரு பிடிவாதம். உரத்துல அப்படி நினைச்சுத்தான் கெட்டேன்னு ஒரு பயமும் இருந்துச்சு. தவுக்கேக்கு போன் போட்டேன். தைரியமா வெட்டுன்னார்.

பிப்ரவரியில துரை கோலாலம்பூர் மீட்டிங் போன நாளாப் பார்த்து, ஒவ்வொரு புதரையும் கயித்தால இறுக்கிக் கட்டி, கவாத்துக் கத்தியை எடுத்தேன். அந்த இலை இருக்கே, பிளேடுதான். ரெண்டு சட்டை, கையுறை எல்லாம் போட்டும் முழங்கை பூரா கீறல். சாயங்காலம் பதினொரு மொட்டைக் கட்டைதான் மிச்சம். மறுநாள் துரை காரை விட்டு இறங்கினவர் கதவைச் சாத்தவே மறந்துட்டார். "துளிர்க்கும் துரை, எழுதி வச்சுக்குங்க"ன்னேன். அவர் தலையில கை வச்சுக்கிட்டு, "பூ கேட்டேன் லெட்சுமி, மொட்டை அடிச்சு வேண்டுதலா தீர்க்கச் சொன்னேன்?"னார்.

ஒரு விசாரணை

துளிர்த்துச்சு! ஏப்ரல்ல முட்டி உயரம். ஒரு ஞாயித்துக்கிழமை கிள்ளானிலிருந்து வந்த ஒரு குடும்பம், டீயைக் கையில வச்சுக்கிட்டு என் சிவப்புக் கயித்துக்கு வெளியே நின்னு ரொம்ப நேரம் பார்த்தாங்க. எனக்கு ஒரே பெருமை. பேரு சொல்லலாம், கவாத்தைப் பத்திச் சொல்லலாம்னு கிட்டப் போனேன். அந்த அம்மா பரிதாபமா என்னைப் பார்த்து, "புல்லு வெட்ட உங்களுக்கு ஆளு கிடைக்கலையா ஆன்ட்டி?"ன்னாங்க.

முதல் பூ

நவம்பர் கடைசியில, மகளுக்குப் பரீட்சை நடக்கிற வாரம், நடுப் புதர்ல ஒரு தண்டு கிளம்புச்சு. நாலு நாள்ல வெள்ளைப் பட்டு மாதிரி விரிஞ்சு தலைக்கு மேல ஆடுச்சு. மத்த பத்துலயும் இலைக்கு நடுவுல தண்டு தடிச்சு நின்னுச்சு, எப்போ விரியும்னுதான் தெரியல. நான் சிரிச்சேனா அழுதேனா தெரியல. துரை சனிக்கிழமை வந்து பார்க்கிறதா பேச்சு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கல்யாணப் படம் எடுக்க ஒரு ஜோடி வந்துச்சு. நான் டீ ஒரு வாய் குடிக்கத் திரும்பினேன். "டக்"னு ஒரு சத்தம். கல்யாணப் பொண்ணு கையில என் பூ! ஓடினேன். முட்டி எங்கே வலிச்சுது அப்போ? ரெண்டு வருஷமா விழுங்கினதெல்லாம் வாய்ல வந்துடுச்சு. "அது பூ இல்லம்மா, என் வீடு"ன்னு கத்தினேன். அந்தப் பிள்ளை பயந்து போய்ப் பூவை நீட்டி, "ஒரு புல்லுதானே ஆன்ட்டி!"ன்னுச்சு.

சனிக்கிழமை

மறுநாள் காலையில, ஒடிஞ்ச பூவைப் போத்தல்ல வச்சுத் துரைகிட்ட காட்டிக் கெஞ்சலாம்னு கிளம்பினேன். கடை முன்னால பார்த்தா சரோஜா கேங்கு மொத்தமும் பம்பை இறக்கி வச்சுட்டு என் கயித்தைச் சுத்தி நிக்குது. பக்கத்துல ரெண்டு மூணு கார்க்காரங்க போனும் கையுமா நிக்கிறாங்க. "கயித்துக்குள்ள யாரும் கால் வைக்கக்கூடாது, கை வைக்கக்கூடாது!"ன்னு சரோஜா அதட்டுறா. நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். ராத்திரியோட ராத்திரியா மூணு புதர்ல பூ விரிஞ்சிருக்கு. மத்த எட்டுலயும் தண்டு.

துரை வந்தார், சுத்தி வந்தார், தானும் ஒரு படம் எடுத்துக்கிட்டார். "வீடு, துரை?"ன்னேன். "வீட்டை யாரு கேட்டா? நீ இல்லாம இதை யாரு பார்ப்பா?"ன்னார். நான் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டேன். அவர் சும்மா போயிருக்கலாம். மலையை அண்ணாந்து பார்த்து, ஏதோ பரிசு கொடுக்கிற மாதிரி சொன்னார்: "உச்சியில வியூ பாயிண்ட் கட்டுறோம், அங்க நூறு தூர் வைக்கணும், திங்கக்கிழமையிலிருந்து நீ மேல் மலை, லெட்சுமி!"

முட்டியைக் காட்டி ஜீப்பு கேட்டு வாங்கிட்டேன். இருபத்திரண்டு வருஷம் புல்லைக் கொல்ல நடந்தே ஏறின மலைக்கு, இப்போ புல்லை மடியில வச்சுக்கிட்டு முன் சீட்டுல போறேன்.