கன்றுக்குட்டிக்கு நாலு நாள் லீவு

மாம்பலத்தில் கால்நடை மருத்துவராக நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், கோடம்பாக்கத்து ஸ்டூடியோ ஒன்றிலிருந்து கார் வந்தது. கதாநாயகியைப் பார்க்கலாம் என்று அவசரமாகத் தலைவாரிக்கொண்டு ஏறினேன். பார்க்கக் கிடைத்தது ஒரு காளைக்கன்று.

பால் மறந்து சில நாட்களே ஆன கன்று. சேலம் பக்கத்திலிருந்து லாரியில் வெயிலோடு நின்றபடியே வந்திருந்தது. இறங்கியதும் நேராக விளக்குகளுக்கு நடுவே நிறுத்திவிட்டார்கள்.

"புல்லு போட்டா திரும்பிக்கூட பாக்கலம்மா. செட்டு சுவத்த மட்டும் நக்கிகினே கீது," என்றார் தயாரிப்பு நிர்வாகி.

சுவரின் சாயத்தில் ஈயம் இருக்குமோ என்று எனக்குப் பயம். முதல் வேலையாகக் கன்றை மரத்தடிக்கு மாற்றிக் கட்டச் சொன்னேன். காய்ச்சல் இல்லை. ஆனால் மயிர் வெளுத்து, கண் குழிந்திருந்தது. தாயைப் பிரிந்த மிரட்சி, பயணக் களைப்பு. தாமிரம், துத்தநாகம் போன்ற சத்துகள் முன்பே குறைந்த உடம்பு; சுவரை நக்கியதும் அதனால்தான். மிச்சம் இருந்த சத்தும் இந்த மிரட்சியில் கரைந்திருக்கும்.

தவிட்டில் கொஞ்சம் வெல்லமும் தாது உப்புத் தூளும் பிசைந்து கொடுக்கச் சொன்னேன். நாலு நாளைக்குப் படப்பிடிப்பு கூடாது என்றேன்.

"கன்னுக்குட்டிக்கு லீவா? எனக்கே ஞாயித்துக்கெழம கெடையாதும்மா! தூளை ரெண்டு பங்கா போட்டா ரெண்டு நாள்ல தேறிடாது?"

"தேறாது, செத்துடும். தாமிரம் அதிகமானா விஷம்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. அதன்பின் தினமும் தாமே கரண்டியால் அளந்து போட்டாராம்.

ஐந்தாம் நாள் போனபோது கன்று கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளியது. எனக்கோ பரீட்சையில் தேறிய பெருமை. இயக்குநர் மட்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அம்மாவை இழந்த கன்று சோர்ந்து படுத்திருப்பதுதான் காட்சியாம்.

"டாக்டரம்மா, அன்னைக்கி இருந்த மாதிரி ஒரே ஒரு மணி நேரம் ஆக்க முடியுமா?"

"முடியாது சார். ஆக்கவும் மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார், சிரித்துவிட்டார். காட்சி மாறியது. கதாநாயகி கன்றைத் துரத்திப் பிடிக்க வேண்டும். மூன்று முறை ஓடியும் பிடிபடவில்லை. பிடிபடாததையே படமாக்கிக்கொண்டார்கள்.

திரும்பும் லாரி வெயில் தாழ்ந்து சாயங்காலம்தான் கிளம்ப வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். கன்றின் சொந்தக்காரருக்கு என்று டிரைவரிடம் ஒரு பொட்டலம் தூளைக் கொடுத்து, வழியில் நிறுத்தித் தண்ணீர் காட்டச் சொன்னேன்.

"வேலூர்ல ஒருதபா, அப்பால ஒருதபா நிறுத்திடறேன்மா," என்றார் அவர்.