ஓரம் வெட்டிய நோட்டு

நான், என் மனைவி செல்வி, பைண்டிங்குக்குக் கொடுத்த நோட்டைத் திரும்ப வாங்க வந்த, பல வருஷமாக இங்கேயே குடியிருக்கும் பிரெஞ்சுக்கார அம்மா. உப்பளம் பகுதியில் என் பைண்டிங் கடையில் அன்று இருந்தது இவ்வளவு பேர்தான்.

அந்த அம்மாவின் தாத்தா ரஷ்ய ராஜாவின் படையில் அதிகாரியாக இருந்து பிரான்சுக்குத் தப்பியவர். போரையும் புரட்சியையும் பற்றி அவர் கைப்பட எழுதிய நோட்டு அது. ஆவணக் காப்பகத்துக்குப் போக இருந்தது. பைண்டிங் செய்தால் மூன்று பக்கமும் ஓரம் வெட்டுவது என் வழக்கம். கேட்காமல் வெட்டிவிட்டேன்.

“ஓரத்துல செத்த சிப்பாய்ங்க பேரு பென்சில்ல இருந்துச்சேப்பா. வேற எங்கயும் கெடையாது,” என்றார் அந்த அம்மா.

“ஒரு வார்த்த கேட்டுட்டு வெட்னா கத்தி மொக்கையாயிடுமா?” என்றாள் செல்வி.

கழிவுச் சாக்கைக் கொட்டித் தேடினோம். பாதிக் கழிவு முந்தின நாளே காயலான் கடைக்குப் போயிருந்தது. முப்பது வருஷக் கைப்பழக்கத்தின் மேல் அன்றுதான் எனக்கு ஆத்திரம் வந்தது.

அந்த அம்மா எண்ணி வைத்திருந்த பேர் அறுபத்திரண்டு. கிடைத்தது பத்தொன்பது.