வெட்டாத வயர்

"இளமதி, ஒங்கிட்ட இருக்கிற அந்த நீல போர்டு எனக்கு வேணும்டி."

சிதம்பரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில், உட்காருவதற்கு முன்பே பிரிசில்லா கேட்டுவிட்டாள். இரண்டாயிரத்துப் பதினொன்று, ஆனி மாதம் முடியும் சமயம். கடலூரிலிருந்து வந்த பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்த எரிச்சல் அவள் முகத்தில் அப்படியே இருந்தது.

"ஆர்டினோவா? எதுக்கு?" என்றாள் இளமதி.

"சிப்புல புரோகிராம் ஏத்த."

"அதுக்குத் தனியா புரோகிராமர் விக்கிதே."

"விக்கிது, மெட்ராஸ்ல. ஆர்டர் போட்டு வந்து சேர்றதுக்குள்ள ஆடி போயி ஆவணி வந்துடும். ஒன் போர்டயே புரோகிராமரா மாத்தலாமாம்டி. நெட்ல பாத்தேன். ஆறு வயரு, ஒரு கெப்பாசிட்டர். அவ்ளோதான்."

"எரிஞ்சி போச்சின்னா?"

"நானும் கூடவே எரிஞ்சிடறேன், போதுமா?"

"எதோட சிப்பு?"

"மயிலோடது."

இளமதி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "பாண்டியில சிப்பு எழுதிக் குடுப்பாரே, அவரு?"

"ஆடி முடிஞ்சி வாங்கன்னு சொல்றாரு. ஏத்தறத மட்டும் சொல்லிக் குடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்னேன். பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா இதெல்லாம்னு சிரிக்கிறாரு. புரோகிராம் எழுதி வச்சிருக்கேன்டி. சிப்புக்குள்ள அனுப்பத்தான் வழியில்ல." பிரிசில்லாவின் குரல் தணிந்தது. "புவனகிரி பக்கத்துல தீமிதிக்கு மயில் கேட்டிருக்காங்க. அன்னிக்கி மயில் ஆடலன்னா, மொத்த லைட் செட்டையும் காத்தவராயனுக்கு வித்துடறேன்னு அப்பா சொல்லிட்டாரு. பேச்சு முடிஞ்சிடுச்சி. அவன் வண்டி எடுத்துக்கிட்டு வர வேண்டியதுதான் பாக்கி."

இளமதி மீதி டீயைக் குடித்து முடித்தாள். பிறகு, "சரி" என்றாள்.

"சரியா? அவ்ளோதானா? நீ முடியாதுன்னா என்னென்ன பேசணும்னு பஸ்ல பூரா ஒத்திக பாத்துட்டு வந்தேன்டி. ஒத்த வார்த்தையில முடிச்சிட்டியே, பாவி!"

இருவரும் கடலூரில் டிப்ளமோ ஒன்றாகப் படித்தவர்கள். வகுப்பில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சு. ஒருத்தி ஓயாமல் பேசுவாள், இன்னொருத்தி கேட்டுக்கொண்டிருப்பாள். டிப்ளமோ முடித்ததும் இளமதி சிதம்பரத்தில் பொறியியல் சேர்ந்தாள். பிரிசில்லா கடலூர் முதுநகரில் அப்பாவின் லைட் செட்டோடு தங்கிவிட்டாள்.

அப்பா லூர்துசாமி கம்பத்திலிருந்து விழுந்து முழங்கால் மடங்காமல் போனவர். அதற்குப் பிறகு மூங்கிலில் ஏறுவது, சீரியல் பல்பு கட்டுவது, ஊர்க்காரர்களோடு மல்லுக்கு நிற்பது எல்லாமே பிரிசில்லாதான். மாதா கோயில் தேருக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் ஒரே பல்புகள்தான் போகும், மேலே கட்டுகிற உருவம் மட்டும் மாறும். அந்த உருவங்களில் பெரியது மயில். பதினாறு லைனில் பல்புகள் மாறி மாறி எரிந்து தோகையை விரித்து ஆட்டும். எந்த லைன் எப்போது எரிய வேண்டும் என்பதெல்லாம் இருபத்தெட்டுக் கால் உள்ள ஒரு சிப்புக்குள் இருக்கும். அந்தச் சிப்பைத்தான் வைகாசியில் ஓர் ஊரில் ஏறி இறங்கிய மின்சாரம் கொன்றுவிட்டது.

லூர்துசாமிக்குத் தொழிலில் ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. வயரை வெட்டக் கூடாது. "இந்த ஊர்ல பத்தடி வேணும், அடுத்த ஊர்ல இருவதடி வேணும். வெட்டிட்டா எங்க போவ?" என்பார். மிச்சத்தைச் சுற்றி, முடிச்சுப் போட்டுத் தொங்கவிட வேண்டும். அவருடைய கிடங்கில் எங்கு பார்த்தாலும் வயர் வளையங்கள் தொங்கும். பிரிசில்லா தவழ்ந்து விளையாடியதே அவற்றுக்கு நடுவில்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அந்தக் கிடங்கில் வேலையைத் தொடங்கினார்கள். இளமதியின் லேப்டாப், நீல போர்டு, வயரைக் குத்தினால் நிற்கிற ஓட்டைப் பலகை ஒன்று, அதன்மேல் எதுவும் எழுதப்படாத புதுச் சிப்பு. போர்டு தானாகத் திரும்பத் திரும்பத் தொடங்கிக்கொள்ளாமல் இருக்க ஒரு கெப்பாசிட்டரைக் குத்தினார்கள். போர்டிலிருந்து சிப்புக்கு ஆறு வயர் போக வேண்டும். இளமதியிடம் இருந்த துண்டு வயர்கள் கல்லூரி லேபில் காணாமல் போயிருந்தன. பிரிசில்லா ஆணியில் தொங்கிய சீரியல் வயர்களில் ஆறை எடுத்தாள், முனைகளைப் பல்லால் உரித்துக் குத்தினாள். மீதியை ஆறு வளையங்களாகச் சுற்றி அழகாக அடுக்கி வைத்தாள்.

இளமதிக்கு அந்த வளையங்களைப் பார்த்ததும் ஏதோ உறுத்தியது. ஆனால் லூர்துசாமி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் இரண்டு முறை சிப்பு பேசவே இல்லை. மூன்றாம் முறை ஏறியது. பிரிசில்லா சிப்பைப் பிடுங்கி மயிலின் பெட்டியில் சொருகி ஸ்விட்சைப் போட்டாள். தரையில் படுத்திருந்த மயில் ஒவ்வொரு இறகாகத் தோகையை விரித்தது. அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின.

லூர்துசாமி எட்டிப் பார்த்தார். "இங்க ஆடிடுச்சி. அங்க ஆடட்டும்" என்றார்.

தீமிதி அன்று மத்தியானமே மயில் ஊர் வாசலில் கட்டிய மூங்கில் முகப்பில் ஏறிவிட்டது. இளமதியும் லேப்டாப்போடு கூட வந்திருந்தாள். வெள்ளாற்றங்கரையில் கரகம் ஜோடித்துக் கிளம்பி, பொழுது சாயும்போது முகப்பைக் கடந்து உள்ளே வரும். கரகம் கடக்கும்போது முகப்பு இருண்டு கிடந்தால் ஊருக்கு ஆகாது என்பார்கள். அப்படி இருட்டாக்கிய லைட் செட்டைச் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரும் மறுபடி கூப்பிடாது.

அதைத் தெரிந்துதான் நெல்லிக்குப்பத்தில் லைட் செட் வைத்திருந்த காத்தவராயன் வந்திருந்தான். புளியமரத்தடியில் அவனுடைய மினி லாரி நின்றது. பின்னால் பல்பு கட்டிய அன்னப்பறவை படுத்திருந்தது.

"என்ன மாமா, மயிலு முட்ட போடுதா, ஆடுதா?" என்றான் லூர்துசாமியிடம்.

"நீ ஒன் வாத்தப் பாரு" என்றாள் மேலேயிருந்த பிரிசில்லா.

சோதித்துப் பார்க்க ஸ்விட்சைப் போட்டாள். ஜெனரேட்டர் ஒரு முறை திக்கி, பிறகு சீறியது. மயில் பளீரென்று எரிந்து அணைந்தது. இறங்கி வந்து பெட்டியைத் திறந்து சிப்பின்மேல் விரலை வைத்தவள் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். கொதித்தது. சிப்பு போய்விட்டது.

கையில் வெற்றுச் சிப்பு ஒன்றே ஒன்று மீதி இருந்தது. கவிழ்த்துப் போட்ட ஸ்பீக்கர் பெட்டியின்மேல் போர்டையும் பலகையையும் பரப்பினார்கள். அதே ஆறு வயர், அதே வளையங்கள். இளமதியின் லேப்டாப்பில் பேட்டரி பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

முதல் முறை, சிப்பே இல்லை என்றது லேப்டாப். இரண்டாம் முறை எழுதியது. எழுதியதைத் திருப்பிப் படித்துப் பார்த்து, பொருந்தவில்லை என்று நின்றது. மூன்றாம் முறையும் பொருந்தவில்லை.

விழாக் குழுவில் இருந்த கொளஞ்சி ஓடி வந்தார். "இன்னாம்மா? கரகம் ஆத்தங்கரைய உட்டுக் கெளம்பிடுச்சி."

"ஜெனரேட்டர கொஞ்சம் நிறுத்துங்கண்ணே. அதோட கரண்டு எரைச்சல் வயர்ல ஏறுது போல இருக்கு" என்றாள் பிரிசில்லா.

"மைக்செட்டு அதுலதான் ஓடுது. பாட்டு நின்னா என்னை இந்த ஊர்லேருந்தே நிறுத்திடுவாங்க." அவர் லூர்துசாமியின் பக்கம் திரும்பினார். "அண்ணே, காத்தவராயன் அன்னத்த ஏத்திடட்டுமா? முகப்பு எரியணும். மயிலோ அன்னமோ, ஊருக்கு ஒண்ணுதான்."

"எனக்கு ஒண்ணில்ல" என்றாள் பிரிசில்லா. தலையை நிமிர்த்தவில்லை.

லூர்துசாமி மகளின் பின்னால் வந்து நின்றார். காத்தவராயன் லாரியின் பின்கதவை இறக்கினான்.

பிரிசில்லா மறுபடி ஏற்றினாள். பொருந்தவில்லை. தூரத்தில் பம்பைச் சத்தம் கேட்கத் தொடங்கியது. இளமதி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தவறு ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் வந்தது. புரோகிராமில் பிழை என்றால் ஒரே இடத்தில் வர வேண்டும். போன தடவை பிரிசில்லாவின் முழங்கை வளையங்களை நசுக்கியபோது திரையில் கோடு கொஞ்சம் அதிக தூரம் ஓடியதே. இளமதி வளையங்களைப் பார்த்தாள். கைத்தடியை ஊன்றிப் பின்னால் நின்ற லூர்துசாமியைப் பார்த்தாள்.

"பிரிசி."

"என்னடி? பேட்டரி போச்சா?"

"வயரு. ரொம்ப நீளம். வெட்டணும்."

பிரிசில்லாவின் கை நின்றது. அவள் மெல்லத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் வளையங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"எவ்ளோ?" என்றாள் இளமதியிடம், கண்ணை அப்பாவிடமிருந்து எடுக்காமல்.

"ஒரு விரல் நீளம் போதும்."

பிரிசில்லா குனிந்து முதல் வயரைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு அடுத்தது. ஆறையும் அறுத்து, முனைகளை உரித்து முடித்தபோது அவள் உதட்டோரம் கிழிந்து ரத்தம் வந்திருந்தது. துண்டுகளை அவசர அவசரமாகக் குத்தினாள். ஒன்றை மாற்றிக் குத்திவிட்டாள். இளமதி சொல்லாமலேயே கையை நீட்டி அதைப் பிடுங்கிச் சரியான ஓட்டையில் வைத்தாள்.

பம்பைச் சத்தம் தெருமுனை திரும்பியது.

ஏற்றினாள். திரையில் கோடு நகர்ந்தது, பாதியைத் தாண்டியது, முடிவைத் தொட்டது. திருப்பிப் படித்தது. பொருந்திவிட்டது.

பிரிசில்லா சிப்பைப் பிடுங்கிப் பெட்டிக்கு ஓடினாள். சிப்பின் கால்களை நேராக்கிச் சொருகுவதற்குள் வேப்பிலைக் கரகம் முகப்பிலிருந்து இருபதடியில் வந்துவிட்டது. கொளஞ்சி கண்ணை மூடிக்கொண்டார். ஸ்விட்ச் விழுந்தது. நடு இறகு எரிந்தது. அதன் இரு பக்கமும் இரண்டு இறகுகள் எரிந்தன. தோகை முழுதும் விரிந்து முடிய, கரகம் அதன் அடியில் கடந்து போனது.

காத்தவராயன் லாரிக் கதவைத் தூக்கிச் சாத்தினான். "முட்ட பொரிஞ்சிடுச்சி மாமா" என்றான்.

லூர்துசாமி குனிய முடியாமல் குனிந்து, தரையில் கிடந்த அறுபட்ட வளையங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். "மிச்சத்தச் சுத்தி வையி" என்று மகளிடம் நீட்டினார். விற்பது பற்றி அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை.

ஐப்பசிக்குள் பிரிசில்லா சொந்தமாக ஒரு போர்டு வாங்கி, பிளாஸ்டிக் சோப்பு டப்பாவுக்குள் வைத்து வயர்களை ஈயத்தால் பற்றவைத்துவிட்டாள். உள்ளே வயர்கள் விரல் நீளம்தான். மார்கழியில் 'தானே' புயல் கிடங்கின் கூரையைப் பிய்த்தெறிந்தபோது, அவள் முதலில் தூக்கிக்கொண்டு ஓடியது அந்த டப்பாவைத்தான். வடலூரிலிருந்தும் பெண்ணாடத்திலிருந்தும் லைட் செட்காரர்கள் சிப்பு எழுத அவளிடம் வரத் தொடங்கினார்கள். காத்தவராயனும் வந்தான், அன்னத்துக்கு. அவனைத் தாராளமாகக் காக்க வைத்தாள்.

தையில் ஒரு நாள் சிதம்பரத்துக்கு வந்து நீல போர்டைத் திருப்பிக் கொடுத்தாள். அதே டீக்கடை. டீ ஆறிப் போகும்வரை கிளாஸைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழம நெய்வேலியிலேருந்து பொண்ணு பாக்க வராங்க" என்றாள் கடைசியில். "பையன் நல்ல மாதிரியாத்தான் தெரியிறான். ஆனா செட்ட வித்துட்டுத்தான் வரணும்னு அவங்க அம்மா சொல்லி அனுப்பியிருக்காங்க. வயர வெட்டுன்னு அப்பா முன்னாடி இன்னொரு தடவ சொல்றதுகூட சுலபம்டி, இத எப்படிச் சொல்றது? நான் வாயத் தொறந்தா வாயாடின்னு எழுந்து போயிடுவாங்க. அப்பா பேச மாட்டாரு. நீ வா. பக்கத்துல ஒக்காரு. ஒரே ஒரு வார்த்த சொல்லு, போதும். செட்டும் இவ கூடத்தான் வரும்னு சொல்லு. நீ பேசினா எல்லாரும் நின்னு கேக்கறாங்கடி."