மைனஸ் நாலு

வில்லாபுரத்துக் கல்லூரியின் மொட்டைமாடியில், ஆன்டெனாவின் வெள்ளைக் குமிழை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறாள் பாண்டிமீனா. "எச்சம் போட வேற எடமே கெடைக்கலையா ஒங்களுக்கு?" என்று புறாக்களிடம் கேட்கிறாள். அவனியாபுரம் பக்கம் இறங்கும் விமானத்தின் இரைச்சல் அடங்கும்வரை பொறுத்திருந்து, மிச்சத்தையும் திட்டித் தீர்க்கிறாள்.

இயற்பியல் துறையில் லேப் டெக்னீஷியன், வயது நாற்பத்தொன்று. வீட்டில் அவளுக்கு முன்பு எல்லாரும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். "மானத்துல என்னத்தடி எண்ணுற?" என்று அம்மா மலையம்மாள் இன்னும் கேட்கிறாள். வானத்தின் மேலடுக்கில் உள்ள எலக்ட்ரான்களை. செயற்கைக்கோள் ஒரே நேரத்தில் இரண்டு அலைவரிசையில் சிக்னல் அனுப்பும். வழியில் எலக்ட்ரான் கூடக்கூட, இரண்டும் வந்துசேரும் நேர வித்தியாசமும் கூடும். அதை வைத்துத்தான் கணக்கு. அம்மாவிடம் இதைச் சொல்லத் தொடங்கிப் பாதியில் தானே குழம்பி, "மேல எம்புட்டு இருக்குன்னு பாக்குறேம்மா" என்று முடித்துக்கொள்வாள்.

போன மாதம் நிஜமாகவே குழம்பினாள். ஆன்டெனா வாங்கும் சிக்னலைப் படிக்கிற ரிசீவர் பெட்டி ரிப்பேருக்குப் போய்த் திரும்பி வந்தது; மாட்டியது அவள்தான். மறுநாளிலிருந்து விடியற்காலை எலக்ட்ரான் எண்கள் மைனஸ் நாலு, மைனஸ் அஞ்சு.

"ஒண்ணுமே இல்லைன்னா சைபரு. அதுக்கும் கீழ எப்படிம்மா இல்லாமப் போகும்?" என்று ஆராய்ச்சி மாணவி சரண்யாதேவியிடம் கேட்டாள்.

அந்த எண்களை வைத்துக் கட்டுரை அனுப்ப சரண்யாவுக்கு ஐந்தே நாள். "மைனஸையெல்லாம் சைபர் ஆக்கிருங்கக்கா. யாரு பாக்கப் போறா?"

பாண்டிமீனா ஆக்கவில்லை. தன் கைதான் தப்புச் செய்ததோ என்று கேபிளை மூன்று முறை கழற்றி மாட்டினாள். எண்கள் அசையவில்லை. மூன்றாம் நாள் பழைய வரைபடங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். விடியல், மதியம், மாலை, எல்லா நேரத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைவு. அப்போதுதான் பிடிபட்டது. பெட்டியும் தன் பங்குக்கு ஒரு சின்னத் தாமதத்தைச் சேர்க்கும். அதைக் கழிக்க வேண்டும். ரிப்பேரில் அது மாறிவிட்டது. கணினி பழைய அளவையே கழித்துக்கொண்டிருந்தது.

"அப்ப மத்தியான எண்ணும் தப்புதானேக்கா?" சரண்யாவின் முகம் வெளுத்தது.

"தப்புதாம்மா. அது பெருசா இருந்ததால நம்ம கண்ணுக்குத் தெரியல."

மறுநாள் முழுக்க இருவரும் உட்கார்ந்து திருத்தினார்கள். கட்டுரை போனது. இரண்டு நாட்களின் எண்கள் மட்டும், திருத்திய பிறகும், மைனஸிலேயே நின்றன; அவற்றைக் கட்டுரையில் சேர்க்கவில்லை.

"லேப் நோட்டுலயும் அந்த ரெண்டு நாளத் தூக்கிருவமாக்கா?"

பாண்டிமீனா நோட்டை இழுத்துக் குறிப்புப் பத்தியில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதி, கீழே முழுக் கையெழுத்தும் போட்டாள்.