படத்தின் கீழ்ப்பாதி

தாராவியில் மழை தொடங்குமுன் தகரக் கூரைகளுக்கெல்லாம் நீலத் தார்ப்பாய் போர்த்திவிடுவார்கள். நண்பன் குடியிருக்கும் உயரக் கட்டடத்து மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் கீழே ஒரு நீலம், மேலே ஒரு நீலம். நடுவில் கழிமுகத்து அலையாத்திக் காடு, மெல்லிய பச்சைக் கோடாக. மாட்டுங்காவில் ஒரு தமிழ்ச் சங்கம் நிலக்காட்சிப் படங்களுக்குக் கண்காட்சி அறிவித்ததும் எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. இதைத்தான் அனுப்புவது என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

எடுத்துப் பார்த்தால் ஏதோ குறைந்தது. கண் எங்கேயும் உட்காராமல் நீலத்தில் வழுக்கிக்கொண்டே போனது. கீழே வலது பக்கம் ஒரு சிவப்பு வேண்டும். அங்கேதான் எங்கள் வீடு. அம்மாவுக்கு போன் போட்டேன்.

"எம்மா, சிவப்பா எதாவது கூரையில காயப்போடேன்."

"சிவப்புக்கு எங்கல போவேன்? என் நைட்டிதான் கெடக்கு."

"அதையே போடு."

"நைட்டியவா? எக்ஸிபிஷன்ல தொங்கவிடதுக்கா? பாகல் ஆயிட்டியால நீ, கிறுக்கு கிறுக்கு?"

திட்டிக்கொண்டேதான் ஏணியில் ஏறினாள். இன்னும் வலப்பக்கம் தள்ளு என்றேன். "வலப்பக்கம்னா உனக்கா, எனக்கா?" என்றாள். கடைசியில் விரல்நகம் அளவுக்கு ஒரு சிவப்பு விழுந்தது. படம் சட்டென்று நின்றுவிட்டது.

கம்ப்யூட்டரில்தான் சண்டை. நீலத்தைக் கூட்டினால் தார்ப்பாய் கத்தியது. குறைத்தால் வானம் செத்துப்போனது. இரண்டுக்கும் ஒரே நிறம், ஒன்றைத் தொட்டால் மற்றதும் அசையும். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துத் திருத்த வழி உண்டு. வேண்டாமென்று விட்டேன். இரண்டும் ஒரே நீலமாக இருப்பதுதானே படம்!

தேர்வாகிவிட்டது என்று தகவல் வந்த அன்று, "என் நைட்டி மாட்டுங்காவுக்குப் போவுது" என்று அம்மா கல்லி முழுக்க, சந்தில் ஒரு வீடு விடாமல், சொல்லிவைத்தாள். தைக்கப் போகும் கார்கானாவில் அரைநாள் லீவு கேட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள்.

அரங்கில் சட்டத்துக்குள் வானம் இருந்தது. பச்சைக் கோடு இருந்தது. அதோடு படம் முடிந்துபோயிருந்தது. மிச்சமிருந்த வானத்துக்கும் சோப்புத்தூள் பாக்கெட் மாதிரி நீலம் ஏற்றியிருந்தார்கள். அடியில் என் பெயர்.

அம்மா குனிந்து சட்டத்தின் கீழ் விளிம்பில் தேடினாள். "நம்ம வீடு எங்கல?"

நான் பதில் சொல்வதற்குள் சங்கத்துச் செயலாளர் வந்துவிட்டார். "வாப்பா! உன் படத்தைத்தான் எல்லாரும் நின்னு பாக்கறா. கீழ ஒரே குப்பையா இருந்துதோல்லியோ, அதை க்ராப் பண்ணிட்டோம். இப்பத்தான் ஃப்ரேம் மூச்சு விடறது."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்."

"நல்லதுக்குத்தானே பண்ணினோம்! யாரோட நைட்டியோ வேற காயறது அதுல!" என்று சிரித்தார்.

அம்மாவும் கூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் இன்றும் விழுங்க முடியவில்லை.

எரிச்சல் என்னவென்றால், படம் எடுக்கக் கற்றுக்கொள்ள நான் விழுந்து விழுந்து பார்த்த வீடியோக்கள் எல்லாம் இதைத்தான் சொல்லிக்கொடுத்தன. தேவையில்லாததை வெட்டு. யாருக்குத் தேவையில்லாததை என்று ஒருத்தனும் சொன்னதில்லை.

"என் படத்தைக் கழற்றிக் கொடுங்கள்" என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் மணிக்கட்டை இறுக்கினாள். "சும்மா இருல. உன் பேரு போட்டுருக்காவல்லா."

செயலாளர் அவளிடம் திரும்பினார். "எப்படிம்மா இருக்கு பையனோட படம்?"

"வானம் நல்லாருக்கு சார்."

பஸ் பிடித்துத் திரும்பினோம். கல்லி முனையில் பக்கத்து வீட்டு அக்கா காத்திருந்தாள். "என்னத்தே, நைட்டி தொங்குச்சா?"

"தொங்காம? கீழ, வலப்பக்கம், பளிச்சுன்னு. எல்லாரும் மொதல்ல அதத்தான் பாக்காவ."

அக்கா என் பக்கம் கை நீட்டினாள். "போனுல இருக்கும்லா? காட்டுல."

முழுப் படத்தைத் திறந்து கொடுத்தேன். அவள் விரலால் பெரிதாக்கி, தன் கூரையையும் தேடிக் கண்டுபிடித்தாள். "ஐய, எங்க வீடு! அங்கயும் இப்படியேதான் மாட்டிருக்காவளா?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள்.

"ஆமாக்கா" என்றேன்.