துண்டுக்குள் ஐந்து விரல்

எங்கள் அப்பா யாரையும் நம்பியதில்லை. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்ததால் வந்த பழக்கம் அது என்பார் அம்மா. பிறவிக் குணம் என்பது என் கட்சி. மூட்டையின் வாயில் பருத்த பச்சைக் காய் இருந்தால் அடியில் விதையில்லாத சண்டுதான் கிடக்கும் என்று அடித்துச் சொல்வார். அதற்காகவே இடுப்பில் எப்போதும் ஒரு குத்தூசி செருகியிருப்பார். மூட்டையின் அடிவயிற்றில் அதைக் குத்தி, உள்ளே இருப்பதை வெளியே இழுத்துப் பார்ப்பார். வீட்டுக்கு வரும் அரிசி மூட்டைக்கும் இதே மரியாதைதான்.

அம்மாவின் தம்பி எங்கள் வீட்டில் இருந்துகொண்டு அப்பாவின் ஜீப்பை ஓட்டினார். வாடகைக்கு ஒரு டிரெய்லரை எடுத்து ஜீப்பின் பின்னால் மாட்டி, மலைத் தோட்டங்களுக்கு இயந்திரங்களைக் கொண்டுபோவது மாமாவின் வேலை. முந்தின வருஷம் குரங்கணியில், காப்பிப் பழம் உரிக்கும் இயந்திரம் ஒன்றைப் பலகை சாய்த்து இறக்கும்போது கயிறு நழுவி, ஒரு சுமைகாரரின் பாதம் நசுங்கிவிட்டது. அந்தக் கயிற்றைப் பிடித்திருந்தவர் மாமா. அதற்குப் பிறகு அவர் சாப்பாட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

அப்போதுதான் மலைமேட்டில் தோட்டம் வைத்திருந்த கோட்டயத்துக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊருக்குக் கிளம்பினார். அவரிடம் பழைய டிரெய்லர் ஒன்று இருந்தது. யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை விற்றபோது வாங்கியது. முன்னால் ஒரு முளையைப் பிடுங்கினால் அதன் தட்டு பின்பக்கமாகச் சாய்ந்து தரையைத் தொடும். பலகை வேண்டாம், பத்து ஆள் வேண்டாம். எவ்வளவு கனமான இயந்திரத்தையும் மெதுவாக உருட்டி இறக்கிவிடலாம். மாமா அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாப்பாட்டுத் தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

அப்பாவும் போய்ப் பார்த்தார். டிரெய்லருக்குப் புதிதாகப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அதுவே போதுமானதாக இருந்தது அவருக்கு. பழைய காய்க்குச் சாயம் ஏற்றிப் புதுக்காய் என்று விற்பவர்களைத் தினம் பார்ப்பவர் ஆயிற்றே! குத்தூசியை எடுத்து நாலு இடத்தில் சுரண்டினார். உள்ளே நல்ல இரும்புதான் இருந்தது. அதில் அவருக்குச் சந்தேகம் கூடிவிட்டது.

"நல்ல வண்டின்னா அவன் ஏன் மாப்ளே விக்கிறான்? சாயிற தட்டு நடுமலையில சாஞ்சா என்ன செய்வே? நாளைக்கு நாம விக்கப் போனா இந்தக் கோமாளி வண்டிய எவன் வாங்குவான்?"

"முளைய அடிச்சுட்டா அசையாது மச்சான். விக்கப் போனா கொத்திக்கிட்டுப் போவாங்க."

மூன்று நாள் இப்படியே இழுத்தது. கடைசியில் அப்பா, நானூறுக்கு மேல் ஒரு தம்பிடி தரமாட்டேன் என்று முடித்துவிட்டார். தான் போனால் விலை ஏறிவிடும் என்று பேரம் பேச மாமாவை அனுப்பினார். அவரை மட்டும் தனியே அனுப்புவாரா? எட்டு வயதுப் பெண்ணான என்னை வாசலுக்கு அழைத்துக் குனிந்து, "ஆத்தா, மாமாகூடப் போயிட்டு வா. துண்டுக்குள்ள எத்தன விரலுன்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். ஒற்றர் வேலை கிடைத்த பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் ஊரில் அப்போது காய்க்கு விலையை வாயால் சொல்லமாட்டார்கள். கைகளின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, வாங்குகிறவர் விற்கிறவரின் விரல்களைப் பிடிப்பார். ஒரு விரல் ஒரு நூறு. சுற்றி நிற்கும் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் அந்தத் துண்டு என் உயரக்காரிகளுக்காகச் செய்தது இல்லை. நான் அண்ணாந்து பார்த்தேன். மாமா நான்கு விரலைப் பிடித்தார். கோட்டயத்துக்காரர் தலையை ஆட்டி மறுத்தார். மாமா டிரெய்லரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு ஐந்தையும் சேர்த்துப் பிடித்தார்.

வீட்டுக்கு வந்ததும், "நானூறுக்குப் படிஞ்சிருச்சு மச்சான்" என்றார் மாமா.

அப்பா என்னைப் பார்த்தார். "அஞ்சு வெரலுப்பா" என்றேன்.

மாமா விலையைக் கூட்டிச் சொல்லி நடுவில் அமுக்குவார் என்றுதான் அப்பா எதிர்பார்த்திருந்தார். குறைத்துச் சொன்னதும் ஒரு கணம் திகைத்துப் போனார். அந்தத் திகைப்பு நீடிக்கவில்லை. "கைக்காசு நூறு ரூபா எவனாச்சும் சும்மா போடுவானா? நாளைக்கு வண்டியில பங்கு கேப்பே. இல்லே, எனக்குத் தெரியாமத் தனி லோடு அடிப்பே. இந்தச் சோலியே வேணாம்."

மாமா அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

அடுத்த வாரம் அவர் மூணாறு பக்கம் வேறு யாருக்கோ ஜீப் ஓட்டப் போய்விட்டார். பிறகு எங்கள் வீட்டுக்கு விசேஷங்களுக்கு மட்டும் வந்தார். டிரெய்லரை வடக்குத் தெரு வியாபாரி ஒருவர் வாங்கினார். பத்து வருஷம் மலையில் ஏற்றி இறக்கிவிட்டு, வாங்கின விலைக்கே அதை விற்றார். அந்தச் செய்தி வந்த அன்றும் அப்பா, "அதுலயும் என்னமோ இருக்கு" என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள், என் கணவர் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மாவு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் விரலைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டேன். அன்று துண்டுக்கு அடியில், கோட்டயத்துக்காரரின் ஐந்து விரலையும் இறுக்கிய மாமாவின் கையையும் நான் பார்த்திருக்கிறேன். அவருடைய பாட்டனார் போட்ட மோதிரம் எப்போதும் இருக்கும் விரலில் அன்று மோதிரம் இல்லை. வெளுத்த கோடு ஒன்றுதான் இருந்தது. அந்த நூறு ரூபாய் எங்கிருந்து வந்தது என்று அந்தக் கோடே சொல்லியிருக்கும். ஆனால் அப்பா கேட்டது எத்தனை விரல் என்று மட்டும்தான். நானும் அதை மட்டும்தான் சொன்னேன்.